கூரையைத் திருப்பி அனுப்பியவள்

ஞானசீலியைப் பற்றி லுணுகலைப் பக்கம் விசாரித்தால் இரண்டு விதமான பதில் வரும். தொழிற்சங்கத்துக்காரர்களைக் கேட்டால் அவளைப் போல ஒரு தலைவி கிடைக்கமாட்டாள் என்பார்கள். எங்கள் சபைக்காரர்களைக் கேட்டால், “யாரு, கூரையத் தின்னவளா?” என்பார்கள். வரிசை வீடுகளான லயத்தில் நான் அவளுக்குப் பக்கத்துக் காம்பரா. மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்து ஓய்ந்தவள். ஞாயிற்றுக்கிழமை அதே வேதக்கோயிலில், அதே வாங்கில், அவளுக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறேன். இந்த இரண்டு கட்சிப் பேச்சையும் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப் போய்விட்டது. நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

சீலி பூனாகலையிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள். புருஷன் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர், வாயில்லாப் பூச்சி. அவருக்கும் சேர்த்து ஆண்டவர் இவளுக்கு வாயைக் கொடுத்திருந்தார். வந்த புதிதிலேயே, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் கங்காணியிடம் மறுபேச்சுப் பேசினாள். அப்போதெல்லாம் பெண்கள் பெரட்டில் வாய் திறக்கமாட்டோம், மலை சொன்னால் மலைக்குப் போவோம். இவள், “நேத்தும் எங்களுக்கு அந்தச் செங்குத்துதானே, இன்னைக்கு மாத்திக் குடுங்க” என்றாள். கங்காணி அசந்துபோய் மாற்றிக் கொடுத்துவிட்டார்.

அரைப்பேர் என்றால் தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. சொன்ன எடைக்குக் கொழுந்து எடுத்தால் முழுநாள் வேலை செய்ததாகப் பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். காலையிலிருந்து மழையில் நின்று அட்டைக்கடி வாங்கியவளாக இருந்தாலும் தராசு சொல்வதுதான் கணக்கு. தராசைப் பார்க்கிறவர் தண்ணீருக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டால் முழுப்பேர் கண் முன்னாலேயே அரைப்பேர் ஆகிவிடும். சீலி சங்கத்தில் சேர்ந்ததும், பிறகு மாதர் தலைவி ஆனதும் இந்த அரைப்பேரோடு மல்லுக்கட்டத்தான்.

கோயிலிலும் அவள் அப்படித்தான். சனிக்கிழமை கூட்டிப் பெருக்குவாள், மலைத்தண்ணீர் விழுகிற பீலியிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து வாங்குகளைத் துடைப்பாள், நோயாளிகளுக்குக் கஞ்சி கொண்டு போவாள். வேலை செய்தவளுக்குத்தான் கூலி என்பது அவளுடைய வேதம். போதகர் பதுளையிலிருந்து பஸ் ஏறி வருகிற இளவயதுக்காரர், நல்ல மனுஷன். ஒரு ஞாயிறு அவர் திராட்சைத் தோட்டத்து எஜமானின் கதையைப் பிரசங்கித்தார். விடியற்காலையில் வேலைக்கு வந்தவனுக்கும், சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் எஜமான் ஒரே கூலி கொடுத்தான் என்று சொல்லி, எங்களுக்குப் புரிய வேண்டுமே என்று, “கடைசியா வந்தவனுக்கும் முழுப்பேர்” என்றார்.

சீலி எழுந்து நின்றாள். “பாஸ்டர், அந்தத் தோட்டத்துல சங்கம் இல்லைங்களா?”

கோயிலே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ஆராதனை முடிந்தும் விடாமல் பஸ் வரும் வரைக்கும் போதகரோடு வழக்காடினாள். காலையிலிருந்து முதுகு ஒடிந்தவளுக்கு என்ன பதில் என்று கேட்டாள். அவளுக்குப் பேசிய கூலியில் எஜமான் ஒரு சதமும் குறைக்கவில்லையே, மற்றவனுக்குக் கொடுத்தது அவனுடைய கிருபை, கூலி இல்லை என்று போதகர் பொறுமையாகச் சொன்னார். கிருபையைத் துரைமார் எப்போதும் தங்களுக்கு வேண்டியவர்களுக்குத்தான் காட்டுவார்கள் என்று சொல்லிவிட்டு இவள் திரும்பி நடந்துவிட்டாள்.

இனி பொன்னையா கணக்கப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் மேலே சொன்ன தராசுக்காரர் அவர்தான். அவர் பேரைக் கேட்டால் எங்கள் லயத்தில் காறித் துப்புவார்கள்.

சீலி வாக்கப்பட்டு வந்த புதிதில் ஒரு வருஷம் ஐப்பசி அடைமழை. சீலிக்கு முதல் பிள்ளை வயிற்றில். பேறுகால லீவுக்கு இன்னும் சில நாள் இருந்தது. மத்தியானம் மலையில் அவளுக்கு வலி கண்டது. கீழே போகட்டுமா என்று கணக்கப்பிள்ளையைக் கேட்டாள். இப்போது போனால் பேரே கிடையாது, அந்தி நிறுவைக்கு நிற்பதானால் நில் என்றார். நின்றாள். இடுப்பில் படங்குச் சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு சாயங்காலம் வரை கொழுந்து எடுத்தாள். அவர் தண்ணீருக்கும் கூடைக்கும் கழித்து அரைப்பேர் போட்டு அனுப்பினார். இறங்கி வரும் வழியில் பனிக்குடம் உடைந்துவிட்டது. நாங்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டு மருந்துக்காம்பராவுக்கு ஓடினோம். பெண் குழந்தை. ஒரு அழுகை அழுதது, நான் என் காதால் கேட்டேன். அதோடு சரி.

அப்போது சபையில் ஒரு மூப்பர் இருந்தார், இப்போது இல்லை. ஆறுதல் சொல்ல வந்தவர், ஞானஸ்நானம் வாங்காத பிள்ளை, எங்கே போயிருக்குமோ என்று பெருமூச்சு விட்டார். அவர் வாயில் புற்றுமண்ணைப் போட்டு அடைக்கலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், ஒருத்தி கொழும்பில் இருக்கிறாள். ஆனால் அந்த மூப்பர் விட்டுப் போன பெருமூச்சை அவள் யாரிடமும் பேசியதே இல்லை. மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நான்கூட நினைத்திருந்தேன்.

பொன்னையா ஓய்வு பெற்று லுணுகலை டவுனில் வீடு கட்டிப் போய்விட்டார். மனைவி இறந்துவிட்டாள், மகன் கட்டாரில். கொஞ்ச காலத்துக்கு முன்பு அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, இரத்தம் சுத்தம் பண்ணப் பதுளைக்குப் போய் வர ஆரம்பித்தார். வார்டில் நோயாளிகளுக்கு ஜெபம் பண்ணப் போன எங்கள் போதகரிடம் ஒரு நாள் அவராகவே பேச்சுக் கொடுத்திருக்கிறார். பிறகு பல நாள் பேசி, கடைசியில் ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பதுளைக் கோயிலிலேயே கொடுத்துவிடலாம் என்று போதகர் சொன்னாராம். வேண்டாம், அந்த மலைக்காரர்கள் முன்னால்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாராம்.

போதகர் இதைச் சபைக் கமிட்டியில் சொன்ன அன்று கோயில் சந்தைக்கடை ஆகிவிட்டது. செயலாளர் சுரேஸ்தான் அதிகம் குதித்தான். அவன் அம்மாவும் அந்தத் தராசில் அரைப்பேர் வாங்கியவள். சாகப்போகிற நேரத்தில் எல்லாருக்கும்தான் விசுவாசம் வரும், திருந்தியதைச் செய்து காட்டுகிற கிரியை எங்கே, கிரியை இல்லாத விசுவாசம் செத்த விசுவாசம் என்று வேதத்தைக் காட்டியே பேசினான். எல்லாரும் தலையாட்டினோம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

இரண்டு வாரம் கழித்துச் செய்தி வந்தது. பொன்னையா எங்கள் கோயிலுக்குப் புதுக்கூரை போட்டுத் தருகிறார். மரம், தகரம், மழைத்தண்ணீர்ப் பீலி, கூலி எல்லாம் மகன் செலவு. எங்கள் கூரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் காலத்துத் தகரம், மழைக்குள் ஆராதனை நடந்தால் நாங்கள் பாடுவது எங்களுக்கே கேட்காது, ஒழுகுகிற இடத்தில் எல்லாம் வாளி வைத்திருப்போம். என் வாங்கில் சரியாக என் உச்சந்தலையில் ஒழுகும். பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல் இருந்தது எங்களுக்கு. சுரேஸ் கேட்ட கிரியை தகரமாக வந்து நிற்கிறதே! அடுத்த கூட்டத்தில் அவனே எழுந்து, மனுஷன் உண்மையாகவே மனந்திரும்பியிருக்கிறார், இதோ கனி என்றான். பழைய கதை எல்லாம் எல்லாருக்கும் ஒரே நாளில் மறந்துவிட்டது. ஆண்டவர்கூட இவ்வளவு சீக்கிரம் பாவத்தை மறந்திருக்கமாட்டார்.

அவரைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதமென்றால் கை தூக்கச் சொன்னபோது சீலி மட்டும் தூக்கவில்லை. எல்லாரும் அவளைப் பார்க்காத மாதிரி பார்த்தோம். அவளுக்கு உரிமை இருக்கிறது, பேசாமல் விட்டுவிடலாம் என்று நான் சுரேஸுக்குச் சைகை காட்டினேன். அவளே எழுந்தாள்.

“அவரு வரட்டும். கூரை வர வேணாம்.”

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. சுரேஸ் கோபித்துக்கொண்டு, மனுஷன் வேண்டாம் என்றாலாவது அர்த்தம் இருக்கிறது, கூரை உனக்கு என்ன பாவம் செய்தது என்று கேட்டான். கூரையோடுதான் வருவேன் என்றால் அவர் வரவே வேண்டாம், வெறுங்கையோடு வருவதானால் நானே வாசலில் நின்று கூட்டி வருகிறேன் என்றாள். போதகர் குறுக்கே வந்து, கூரை ஞானஸ்நானத்துக்கு விலை இல்லை, நன்றிக்காணிக்கை, விசுவாசம் உள்ள இடத்தில் நற்கிரியை தானாக வரும், மரம் இருந்தால் கனி கொடுக்கத்தானே செய்யும் என்று விளக்கினார்.

“மரம் நட்டு வேர் புடிச்சப்புறம் கனி வரட்டும் பாஸ்டர், நானே கூடை எடுத்துக்கிட்டு வர்றேன். இவரு மரத்துக்கு முன்னாடி கனியக் கொண்டாந்து வாசல்ல வைக்கிறாரு. நாங்களும் கனியப் பாத்துட்டுத்தான் கதவத் தெறக்குறோம். கூரை பேச்சு வர்றதுக்கு முந்தி இங்க யாரு கை தூக்குனீங்க?”

போதகர் அவள் பக்கம் திரும்பினார். திராட்சைத் தோட்டத்துக் கதைக்குச் சண்டை போட்டவர் நீங்கள்தானே என்று கேட்டார். ஆமாங்க, அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை, இன்றைக்கும் முழுசாகப் பிடிக்கவில்லை, ஆனால் நீங்கள் அதைச் சொல்லிவிட்டீர்கள், சொன்னால் சொன்னதுதான் என்றாள். போதகர் சிரித்துவிட்டு, கணக்கப்பிள்ளையிடம் நீங்களே பேசிப் பாருங்கள், அவர் என்ன சொன்னாலும் நான் ஞானஸ்நானத்தை நிறுத்தமாட்டேன் என்றார்.

என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பஸ்ஸில் நான் அவளைப் பிடித்துத் திட்டினேன். அந்த ஆள்மேல் உனக்கு இருக்கிற கோபத்தை அந்த ஆளிடம் காட்டு, என் தலையில் ஒழுகுகிற தண்ணீரோடு ஏன் விளையாடுகிறாய் என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கோபம் இருக்கிறது அக்கா, அதைக் காட்டப் போகவில்லை என்றாள்.

பொன்னையா முன்னறையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். ஆள் பாதியாகிவிட்டார். ஊசி குத்திக் குத்தி இடது கை முண்டுமுண்டாக வீங்கியிருந்தது. அந்தக் காலத்தில் எங்களை ‘ஏ புள்ள’ என்று அதட்டியவர், எங்களைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்து முடியாமல், உட்காருங்கம்மா என்றார். மருமகள் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள். சீலி அதைத் தொடவில்லை. நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். ‘ஐயா’ போடாமல் அவரிடம் அவள் பேசியதை அன்றுதான் கேட்டேன்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். பயந்துவிட்டார்.

“வெறுங்கையோட எப்படிம்மா வர்றது? நான் செஞ்சதெல்லாம் ஒரு தட்டுல கெடக்கு. இந்தத் தட்டுல நான் ஏதாச்சும் வைக்க வேணாமா?”

“வைங்க. பதுளையில உள்ள தகரம் அம்புட்டையும் கொண்டாந்து வைங்க. எம் புள்ளைக்குச் சமமா வருமா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஒரு கேள்வியோடு வந்துவிடலாம் என்று நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவள் நகரவில்லை. குரலைக் கூட உயர்த்தவில்லை.

“எம் புள்ள ஒரு அழுகதான் அழுதுச்சு. அது ஜெபம் பண்ணல. விசுவாசம்னா என்னான்னு அதுக்குத் தெரியாது. ஒரு நல்ல காரியம் செய்ய அதுக்கு நேரமில்ல. தலையில ஒரு சொட்டு ஞானஸ்நானத் தண்ணி படல. எங்க போயிருக்குமோன்னு ஒருத்தரு எங்கிட்டயே கேட்டாரு. ஆண்டவரு அத சும்மாதான் தூக்கிக்கிட்டாரு. ஒண்ணும் கேக்காம தூக்கிக்கிட்டாருன்னு நம்பித்தான் நான் இத்தன வருஷமா உசுரோட இருக்கேன். இப்ப நீங்க கூரையக் குடுத்துட்டு உள்ள போனா, அங்க போறதுக்கு ஒரு வெலை இருக்குன்னு ஆயிரும். அப்ப எம் புள்ள கையில என்னா இருந்துச்சு? அதனால நீங்க வெறுங்கையோடதான் வரணும். இத நான் ஒங்களுக்காகச் சொல்லல.”

நான் அழுதுவிட்டேன். இத்தனை காலம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தவள், அவள் நெஞ்சில் இது கிடந்தது எனக்குத் தெரியவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது. பொன்னையா வீங்கிய கையை மற்றக் கையால் தடவிக்கொண்டே இருந்தார். கடைசியில், மகனிடம் சொல்லி நிறுத்திவிடுகிறேன் என்றார். இனிமேல் நன்றிக்கு என்று ஏதாவது செய்வதானால், அதைச் சபையில் சேர்ந்தபிறகு, யாருக்கும் தெரியாமல் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். எங்கள் இரண்டு பேருடைய தேத்தண்ணியும் ஆறிப்போயிருந்தது.

கூரை போய்விட்டது என்ற செய்தி எங்களுக்கு முன்னாலேயே லயத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. அன்றிலிருந்துதான் அவளுக்கு அந்தப் பட்டப்பேர். பீலியடியில் பெண்கள் அவளைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். வாளி எடுத்து வைக்கிற வேலையை இனி நீயே பார் என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொன்னாள். சரி என்று சொல்லி அவளே வைத்தாள். இன்னொரு அதிசயமும் நடந்தது. கூரை போனதும் எல்லாருக்கும் பழைய அரைப்பேர் எல்லாம் திரும்ப ஞாபகம் வந்துவிட்டது. அந்தப் பாவியைச் சபையில் சேர்க்கக்கூடாது என்று சுரேஸ் மறுபடி கிளம்பினான். போதகர் இந்த முறை கமிட்டியைக் கூட்டவே இல்லை. வரும் ஞாயிறு ஞானஸ்நானம் என்று மட்டும் அறிவித்தார்.

அந்த ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. பக்தியால் இல்லை, வேடிக்கை பார்க்க. பொன்னையாவை முச்சக்கரவண்டியில் கொண்டு வந்து இறக்கினார்கள். சொன்னபடி சீலி வாசலில் நின்றிருந்தாள், தோளைப் பிடித்து உள்ளே நடத்தி வந்து முன்னால் விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், அது அவருக்குத் தொளதொளவென்று இருந்தது. போதகர் கேட்ட கேள்விகளுக்கு மெல்லப் பதில் சொன்னார். தண்ணீர் நெற்றியில் வழிந்தபோது அவர் அதைத் துடைக்கவில்லை. எனக்கு அந்த ஆளைப் பிடிக்காது, அன்றும் பிடிக்கவில்லை. ஆனாலும் பார்க்க என்னவோ போல் இருந்தது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதலில் போதகர் வலதுகரம் கொடுப்பார். பிறகு மூப்பர்கள், பிறகு சபையார் ஒவ்வொருவராக எழுந்துபோய் வலதுகரம் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் நம்மில் ஒருவர் என்று அர்த்தம். போதகர் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். ஒருத்தரும் எழவில்லை. சுரேஸ் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பொன்னையா நீட்டிய கையோடு நின்றார், நிற்கச் சத்தில்லாமல் அந்தக் கை தாழ்ந்துகொண்டே வந்தது.

சீலி என் பக்கத்திலிருந்து எழுந்து முன்னால் போனாள். அவர் கையைப் பிடித்தாள். அவர் அவள் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

“என்னை மன்னிச்சிட்டியாம்மா?” என்று கேட்டார். கோயில் முழுக்கக் கேட்டது.

“ஆண்டவரு மன்னிச்சிட்டாரு. நான் இன்னும் இல்ல. அவரு வீட்டுக்கு நீங்க எப்ப வேணும்னாலும் வாங்க, ஒங்களத் தடுக்க இங்க ஒருத்தருக்கும் உரிமை இல்ல. என் வீட்டு வாசலுக்கு மட்டும் வராதீங்க. என்னால முடியுற அன்னைக்கு நானே ஆளனுப்புறேன்.”

சொல்லிவிட்டு, கையை விடாமலே எங்கள் பக்கம் திரும்பினாள். பெரட்டுக் களத்தில் பேசுகிற அதே குரல்.

“என்னா பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க? எந்திரிச்சு வந்து கை குடுங்க.”